டைவிங் முகாமுக்குப் பிள்ளையை வெளிநாடு அனுப்புவதற்கு முன்: தலவாக்கலையிலிருந்து ஒரு மாமா எழுதுவது

போன வருடம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் ஸ்பிரிங்போர்ட் டைவிங் முகாமுக்குச் சிங்கப்பூர் போய் வந்தேன். அன்றிலிருந்து வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் எவ்வளவு செலவாச்சு, யாரைப் பிடிச்சீங்க, நம்ம பையனையும் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். பிள்ளை என்னென்ன தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று இதுவரை ஒருத்தர் கூடக் கேட்கவில்லை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். காசு கட்டுகிற விஷயம் பின்னால் வரும்.

டைவிங் என்றதும் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிற சுழியோடல் என்று நம்ம பக்கத்தில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். இது வேறு. ஸ்பிரிங்போர்ட் என்பது தண்ணீருக்கு மேலே 1 மீட்டரிலோ 3 மீட்டரிலோ நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினியப் பலகை, நீளம் கிட்டத்தட்ட 4.9 மீட்டர், அகலம் அரை மீட்டர்தான். அதன் நுனியில் மிதித்து எழும்பி, காற்றில் கரணம் போட்டு, தலைகீழாகத் தண்ணீருக்குள் போக வேண்டும். டிவியில் பார்க்கிற பத்து மீட்டர் உயரம் அசையாத மேடை, அது தனிப் போட்டி. முதல் தடவை போகிற பிள்ளை பெரும்பாலும் 1 மீட்டர் பலகையில்தான் நிற்கும். ஒலிம்பிக்கில் அந்த உயரத்துக்குப் போட்டி கிடையாது, உலக சாம்பியன்ஷிப்பில் 1991 முதல் இருக்கிறது.

மலைநாட்டில் இருந்துகொண்டு இதைப் பழகுவது லேசில்லை, அதை மறைப்பதற்கில்லை. நீந்தக் குளம் கிடைக்கலாம், டைவிங்குக்கான ஆழமும் பலகையும் கிடைப்பதுதான் கஷ்டம். 3 மீட்டர் பலகைக்குக் கீழே நாலு மீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்னாகத் தண்ணீர் வேண்டும். மருமகள் கண்டியில் ஹொஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவள், பிறகு சனிக்கிழமைகளில் கொழும்பு சுகததாச தடாகத்துக்குப் போய் வந்தாள். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடும், காற்றில் தலை எங்கே கால் எங்கே என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். உங்கள் பிள்ளை ஒரு தடவையாவது உண்மையான பலகையில் ஏறிப் பார்க்காமல் இருந்தால் வெளிநாட்டு முகாமைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அந்தக் காசில் கொழும்புக்கு ஒரு வருடம் போய் வரலாம்.

ஆற்றில் பாலத்திலிருந்து குதிக்கிற பையன்கள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். "அவன் பயமில்லாம குதிப்பான் அண்ணே, அவனை அனுப்பலாம்" என்று ஒருத்தர் பெருமையாகச் சொன்னார். காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களிலும் நேற்று இருந்த தண்ணீர் மட்டம் இன்று இருக்காது, கலங்கிய தண்ணீருக்குக் கீழே கல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு போனால் பிள்ளை வாழ்நாள் முழுக்கப் படுக்கைதான். முகாமுக்கான பயிற்சி என்று சொல்லி ஆற்றுப் பக்கம் விடவே விடாதீர்கள். பயமில்லாமல் குதிப்பது இந்த விளையாட்டில் ஒரு தகுதியும் இல்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, பாதி வேலை தண்ணீர் இல்லாமலே நடக்கும். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி, கீழே சரிவு, அதற்கப்பால் தேயிலை. லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கும்போது விடிய ஆறு மணிக்கு மருமகள் மேல் படியின் ஓரத்தில் முதுகைச் சரிவுப் பக்கம் காட்டி நிற்பாள். பாதத்தின் முன்பகுதி மட்டும் படியில், குதிகால் இரண்டும் காற்றில், கை மேலே. அப்படியே முப்பது எண்ணுவாள். பனியில் படி வழுக்கும், அதனால் சாக்கு ஒன்று விரித்துவிடுவோம். அக்கா உள்ளேயிருந்து, "தூண் மாதிரி நிக்காம ப்ளேன்டி ஆறுறதுக்குள்ள வந்து குடி" என்று கத்துவாள். இவள் அசைய மாட்டாள். பின்பக்கமாகப் பாயும் டைவ் எல்லாவற்றுக்கும் இந்த நிலைதான் ஆரம்பம், கணுக்கால் நடுங்கினால் அங்கேயே காரியம் கெட்டது.

அப்புறம் சுவரோரமாகத் தலைகீழாகக் கையில் நிற்பது. தண்ணீருக்குள் போகும்போது ஒரு உள்ளங்கை மேல் மற்றக் கையை வைத்துப் பிடித்து, கட்டைவிரலைக் கோர்த்து, முழங்கையை நேராக இறுக்கி, தோளால் காதை நெருக்க வேண்டும். உள்ளங்கைதான் தண்ணீரை முதலில் உடைக்கிறது. 3 மீட்டர் பலகையிலிருந்து எழும்பிப் பாயும் பிள்ளை தண்ணீரைத் தொடும்போது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும், கொட்டகலை ஏற்றத்தில் நம்ம த்ரீவீலர் போகிற வேகம். அந்த வேகத்தில் கை மடங்கினால் மணிக்கட்டும் தோளும் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நிமிடம் ஆடாமல் கையில் நிற்க முடிகிற பிள்ளைக்கு முகாமில் முதல் மூன்று நாள் மிச்சம்.

பலகை நடையையும் தரையிலேயே பழகலாம். பாடசாலை மண்டபத்திலோ வாசலிலோ சோக்கால் அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, அதற்குள் நாலடி நடந்து, ஒரு முழங்காலைத் தூக்கி எழும்பி, இரண்டு காலிலும் நுனியில் இறங்க வேண்டும். அந்தத் துள்ளலுக்குப் பெயர் ஹர்டில். தரையில் நல்லாகத் துள்ளுகிற பிள்ளை பலகையில் தடுமாறுவதைப் பார்ப்பீர்கள், காரணம் அவசரம். பலகை கீழே போய் மேலே வர நேரமெடுக்கும், அது தூக்கிவிடும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் முந்தினால் பலகையின் பலம் பாதி வீண். தரையில் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, நடையையும் கை வீச்சையும் மட்டும் ஒழுங்காக்கிக்கொண்டு போனால் போதும். சுவர் மேலிருந்து கரணம் அடிப்பது, மெத்தை போட்டுக் கரணம் அடிப்பது எல்லாம் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

நீச்சலைப் பற்றி ஒரே வரி: ஆழத் தண்ணீரில் மேலே வந்து, மூச்சு வாங்கி, நின்ற இடத்திலேயே மிதந்து, அவசரப்படாமல் ஓரத்துக்கு நீந்தி வர முடியாத பிள்ளையை எந்த ஒழுங்கான முகாமும் பலகையில் ஏற்றாது.

இனி காது, மூக்கு. நம்ம பிள்ளைகளுக்கு வருடத்தில் பாதி நாள் சளி, அது மலைக்காற்றின் சீதனம். மூக்கடைப்போடு மூன்று நாலு மீட்டர் ஆழம் போனால் காதுக்குள் ஆணி அடித்த மாதிரி வலிக்கும், செவிப்பறை கிழியவும் கூடும். போவதற்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் காதைக் காட்டுங்கள், குறும்பி இருந்தால் அவரே எடுப்பார். காதடைப்பான் வைத்துக்கொண்டு டைவ் செய்யக் கூடாது, தண்ணீர் அழுத்தம் அதை உள்ளே தள்ளிவிடும். நீச்சல் கண்ணாடியும் வேண்டாம். அக்கா வழக்கம்போலக் காதுக்கு எண்ணெய் காய்ச்சி விடத் தயாராக நின்றாள், அதையும் தடுத்தேன்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. காலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். உடம்பைச் சுருட்டும்போது முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும், அங்கே வழுக்கினால் பிள்ளை காற்றில் விரிந்துபோய் மல்லாக்க விழும். இதற்காகவே டைவர்கள் ஷமி என்று ஒரு சின்னத் துண்டு வைத்திருப்பார்கள். நனைத்துப் பிழிந்தால் உடம்பிலிருக்கும் ஈரத்தை அப்படியே உறிஞ்சும். ஒவ்வொரு தடவை ஏறுவதற்கு முன்பும் கால் கையைத் துடைத்துவிட்டு மேலேயிருந்து அதைக் கீழே எறிவார்கள். கிடைத்தால் வாங்குங்கள்.

அடுத்தது, கோச்சோடு பேச வேண்டிய பாஷை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிதான், பெயர்ப்பலகையில் பார்த்துப் பூரித்துப் போவீர்கள். ஆனால் தடாகத்தில் ஆங்கிலம்தான், அதுவும் எண்களால் ஆன ஆங்கிலம். ஒவ்வொரு டைவுக்கும் ஒரு இலக்கம். முதல் இலக்கம் திசை: 1 முன்பக்கம், 2 பின்பக்கம், 3 ரிவர்ஸ் (முன்னோக்கி எழும்பிப் பலகைப் பக்கமாகச் சுழல்வது), 4 உள்பக்கம் (பலகையைப் பார்த்து நின்று அதன் பக்கமே சுழல்வது), 5 உடம்பைத் திருகுவது. மூன்றாம் இலக்கம் எத்தனை அரைக் கரணம் என்று சொல்லும். கடைசியில் வரும் எழுத்து உடம்பு இருக்க வேண்டிய விதம்: ஏ நேராக, பி இடுப்பில் மட்டும் மடங்கி, சி சுருண்டு. பி விதத்தைப் பைக் என்பார்கள், மோட்டார் பைக்கை நினைக்க வேண்டாம். ஆக 101சி என்றால் முன்பக்கம் பார்த்து, அரைக் கரணம், சுருண்டபடி. 103பி என்றால் முன்பக்கம் ஒன்றரைக் கரணம், பைக். திருகும் டைவுகளுக்கு நாலு இலக்கமும் பெரும்பாலும் டி என்ற எழுத்தும் வரும், 5132டி மாதிரி. பிள்ளை தனக்கு வருவதை ஒரு கொப்பியில் எழுதி, எது தனியாகச் செய்வேன், எது கோச் பக்கத்தில் இருந்தால் செய்வேன், எது தெரியாது என்று பிரித்துக் கொண்டுபோகட்டும். இல்லாததைச் சேர்க்க வேண்டாம். விண்ணப்பத்தில் பெருமைக்காக ஒரு 301சி எழுதினால் அது உயிரோடு விளையாடுகிற பொய்.

முகாம் தேடும்போது பக்கத்து நாடுகளை முதலில் பாருங்கள். மலேசியாவில் பண்டெலேலா ரினோங் 2012 லண்டனில் பத்து மீட்டர் மேடையில் வெண்கலம் எடுத்தவர், 2016 ரியோவில் சியோங் ஜுன் ஹூங்கோடு சேர்ந்து வெள்ளி. சிங்கப்பூர் ஓசிபிசி நீர் விளையாட்டு அரங்கில் 2025 உலக சாம்பியன்ஷிப் நடந்தது. பயண நேரமும் குறைவு, சோறும் கிடைக்கும். அமெரிக்கா, இங்கிலாந்து என்றால் கோடைகால முகாம்கள் ஜூன், ஜூலையில் வரும், விசாவுக்கு மாதக்கணக்கில் முன்பே ஓட வேண்டும், அதிபரிடம் விடுமுறைக் கடிதமும் வாங்க வேண்டும்.

மின்னஞ்சலில் வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளை? தரைப் பயிற்சிக்கு இடுப்பில் பெல்ட் கட்டிக் கயிற்றில் தூக்கிப் பிடிக்கிற ட்ராம்போலின் இருக்கிறதா? தடாகத்தில் குமிழி இயந்திரம் இருக்கிறதா? அடியிலிருந்து காற்றை விட்டுத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் அது, புது டைவ் பழகும்போது விழுந்தால் அடி குறையும். தலையில் அடிபட்டால் என்ன நடைமுறை, இரவில் பிள்ளைகளோடு யார் தங்குகிறார்கள், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எரிச்சலோடு பதில் வந்தால் அந்த முகாமை விட்டுவிடுங்கள். பெற்றோர் ஒரு ஓரத்திலிருந்து பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். வயதுப் பிரிவையும் பார்த்துக்கொள்ளுங்கள், சர்வதேச இளையோர் போட்டிகளில் 14–15 ஒரு பிரிவு, 16–18 ஒரு பிரிவு, அந்த வருடம் டிசம்பர் 31 அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு.

காசு கட்டும்போது நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும், அதுவும் விலைப்பட்டியல் கையில் வந்த பிறகு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கியும் அதைத்தான் கேட்கும். ஒருத்தர் வாட்ஸ்அப்பில் தன் சொந்தக் கணக்கு இலக்கத்தை அனுப்பி, "இன்னும் ரெண்டு இடம்தான் இருக்கு" என்றார், நான் அதோடு பேச்சை முடித்துக்கொண்டேன். பயணக் காப்புறுதியில் டைவிங் விளையாட்டு அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள், பல காப்புறுதிகள் இந்த மாதிரி விளையாட்டை ஒதுக்கிவிடும். எங்களுக்குக் காசு அக்காவின் சீட்டிலிருந்து பாதி வந்தது, மீதி என் தலையில்.

கடவுச்சீட்டுதான் எங்களை அலைக்கழித்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியும்: பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பாடசாலையில் மூன்றாவது மாதிரி. மச்சான் பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது, அதற்காக ஒரு அலுவலகத்துக்கு மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் வேறு வேறு கடிதம் கேட்டார்கள். அதனால் முகாமைத் தேடத் தொடங்குவதற்கு முன்பே சான்றிதழ்களை மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாகப் பாருங்கள், பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்குக் கொடுங்கள். கடவுச்சீட்டுப் படத்தைப் பதிவு பெற்ற ஸ்டுடியோவில்தான் எடுக்க வேண்டும், அவர்களே கணினி வழியாக அனுப்பிவிட்டு ஒரு சிட்டை தருவார்கள். சின்னப் பிள்ளைக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, கண்டியிலும் கிளை இருக்கிறது. திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகட்டும். நாங்கள் போனபோது சிங்கப்பூருக்கு முன்கூட்டி விசா தேவைப்படவில்லை. இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. பெற்றோர் இல்லாமல் மாமாவோ சித்தப்பாவோ கூட்டிப் போனால் பெற்றோரின் சம்மதக் கடிதத்தை ஆங்கிலத்தில் கையில் வைத்திருங்கள்.

பையில் இரண்டு மூன்று நீச்சலுடை, ஒன்று காய்வதற்குள் அடுத்தது வேண்டும். பெண் பிள்ளைக்கு முதுகு இறுக்கமான ஒற்றை உடை, பையனுக்கு நாடா கட்டும் சின்னக் காற்சட்டை, தொளதொளப்பானது தண்ணீரில் பட்டதும் கழன்றுவிடும். மணிக்கட்டுக்குச் சுற்றும் டேப், சித்தாலேப தைலம், சமபோஷ சத்துமா இரண்டு பைக்கற். குளிராடையும் வையுங்கள். நுவரெலியாக் குளிரைப் பார்த்த பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன், ஆனால் ஈர உடம்போடு ஏசியில் வரிசையில் நிற்பது வேறு மாதிரிக் குளிர். விமானத்துக்கு முந்தின நாளே மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் ஏ7 வீதியில் அப்படியே நிற்க வேண்டியதுதான். கித்துல்கல வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு முன் இருக்கை.

அங்கே முதல் நாள் பலகையின் நடுவில் இருக்கும் உருளையைக் காலால் உருட்டி முன்னே பின்னே தள்ளக் கற்றுக்கொடுப்பார்கள். பின்னால் தள்ளினால் பலகை தளரும், முன்னால் தள்ளினால் இறுகும். எடை குறைந்த பிள்ளைக்குப் பொதுவாகக் கொஞ்சம் தளர்வு நல்லது. பக்கத்தில் இலக்கம் போட்டிருக்கும், தன் இலக்கத்தைக் கொப்பியில் குறித்துக்கொள்ளட்டும். பிள்ளை தண்ணீருக்குள் போன பிறகும் பலகை தன்பாட்டில் தடதடதட என்று அடித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் இரவு நித்திரையிலும் எனக்குக் கேட்டது.

இனி நான் பின்னால் சொல்கிறேன் என்ற விஷயம், பயமில்லாமல் குதிப்பது ஏன் தகுதி இல்லை என்பது. நம்ம பிள்ளைகள் பெரியவர் எதைச் சொன்னாலும் "சரி சேர்" என்று தலையாட்டப் பழகியவர்கள், நாம்தான் பழக்கியிருக்கிறோம். டைவிங்கில் அதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை. மனசில்லாமல் பலகையை விட்டுப் புறப்படும் பிள்ளை பாதியில் கையை விரிக்கும், அடி அங்கேதான் விழும். ரிவர்ஸ் டைவில் பிள்ளை முன்னோக்கி எழும்பி, பலகைப் பக்கமாகத் திரும்பிச் சுழலும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் உலகப் புகழ்பெற்ற அமெரிக்க டைவர் கிரெக் லுகானிஸ் 3 மீட்டர் பலகையில் ரிவர்ஸ் இரண்டரைக் கரணம் போட்டபோது தலை பலகையில் பட்டது. தையல் போட்டுக்கொண்டு வந்து தங்கமும் எடுத்தார் என்பது வேறு கதை. அவருக்கே அப்படி.

நாலாவது நாள் மருமகளிடம் 301சி கேட்டார் கோச். ஏறினாள், நுனிவரை நடந்தாள், நின்றாள். நான் மேலே பார்வையாளர் இருக்கையில். என் வாய் தன்னாலே "பாய், பாய்" என்று முணுமுணுத்தது, இவ்வளவு செலவழித்து வந்துவிட்டு என்ற எண்ணம்தான், ஒப்புக்கொள்கிறேன். அவள் திரும்பி நடந்து ஏணியில் இறங்கி வந்து கோச்சிடம் இன்றைக்கு முடியாது என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ட்ராம்போலின் பெல்ட்டுக்கு அனுப்பினார். அரை மணி கழித்து, எல்லாவற்றுக்கும் சரி சரி என்ற ஒரு பையன் அதே டைவில் பாதியில் விரிந்து முதுகு தட்டையாக விழுந்தான், மண்டபம் முழுக்க அறை விழுந்த சத்தம். முதுகு மிளகாய்ப்பழம் போலச் சிவந்துபோய் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தான். போட்டியில் ஒருமுறை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் நடுவர் ஒவ்வொருவரின் புள்ளியிலும் 2 குறையும். பயிற்சியில் ஒன்றும் குறையாது.

ஆகவே போவதற்கு முன் வீட்டில் இதைப் பழக்குங்கள், வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்: பயமாக இருக்கிறது, காது வலிக்கிறது, இன்னொரு தடவை காட்டுங்கள், இன்றைக்கு வேண்டாம். ஆங்கிலத்தில் இந்த நாலு வசனமும் பாடமாக வேண்டும். எங்கள் வீட்டில் நான் கோச்சாக நடித்தேன், முதல் வாரம் அவளால் சிரிக்கத்தான் முடிந்தது. ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் "இன்னைக்கு என்ன புதுசா செஞ்ச?" என்று கேட்காமல் "எங்கயாவது வலிக்குதா?" என்று கேளுங்கள் என்று அக்காவிடமும் சொல்லி வைத்தேன்.

திரும்பி வருவதற்கு முதல் நாள் கோச்சிடம் ஒரு தாள் வாங்காமல் வராதீர்கள்: தண்ணீர் இல்லாத மாதங்களில் என்ன செய்ய வேண்டும், அடுத்து எந்த டைவ், எந்த வரிசையில். வீடியோக்களையும் கேட்டு வாங்குங்கள், இங்குள்ள கோச்சுக்கு உதவும். எங்கள் தாள் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. முதல் வரி கையில் நிற்பது, தினமும் மூன்று தடவை. இரண்டாவது படியில் குதிகால் தொங்க நிற்பது, அதைப் பார்த்து அக்கா தலையில் கை வைத்தாள். மூன்றாவது வரி 301சி, அதற்கு நேரே திகதி எதுவும் இல்லை, "அவளே கேட்கும்போது" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.